வெளியே போய் வரைந்ததற்கு டியூப்தான் காரணமா? நிலக்காட்சி ஓவிய வரலாற்றில் ஒரு சந்தேகம்

#1 கரிக்கோல்

நிலக்காட்சி ஓவியம் பற்றி எதைப் புரட்டினாலும் ஒரே கதைதான் வருகிறது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் வண்ணம் அடைக்கும் உலோக டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார், ஓவியர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தார்கள், இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணி பிறந்தது. டியூப் இல்லாவிட்டால் மொனேயும் இல்லை, செசானும் இல்லை என்று அந்தப் பாணி ஓவியர் ரெனுவார் சொன்னதாக அவர் மகனே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் ஓவியர் தாமஸ் ஜோன்ஸ் நேப்பிள்ஸில் ஒரு சுவரை வரைந்தாரே, அது 1782 வாக்கில். வாட்டர்கலர் இல்லை, எண்ணெய் வண்ணம். டியூப் வர இன்னும் 60 வருஷம் இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன கதையில் எது நிற்கும், எது நிற்காது? எதில் அடைத்து எடுத்துப் போனார்கள், எதன்மேல் வரைந்தார்கள், எவ்வளவு நேரம் என்ற அளவில் பதில் வந்தால் நல்லது. 'கலைஞனின் விடுதலை' மாதிரிப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கிடைக்கின்றன.

#2 ஆளிவிதை

டியூபுக்கு முன்பே எண்ணெய் வண்ணத்தோடு வெளியே போனவர்கள் ஏராளம். சாட்சி வலுவாக உள்ளவர்களை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மன் ஓவியர் சாண்ட்ரார்ட் 1675-இல் வெளியிட்ட நூலில், தானும் நிலக்காட்சி ஓவியர் க்ளோத் லொரைனும் ரோமைச் சுற்றி, திவோலி பக்கமெல்லாம், இடத்திலேயே உட்கார்ந்து வண்ணத்தால் வரைந்ததைக் குறிப்பிடுகிறார். அவர் ரோமை விட்டுக் கிளம்பியது 1635. க்ளோத்துடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எண்ணெய் ஸ்கெட்ச் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே இது எழுத்துச் சாட்சி மட்டும். பொருள் சாட்சி வேண்டுமென்றால் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ரோமின் வில்லா மெதிசித் தோட்டக் காட்சிகள் இரண்டு, மாட்ரிட்டில் பிராதோ அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. இரண்டுமே அரை மீட்டருக்குள் அடங்கும் கித்தான்கள். 1630-இல் வரைந்ததா, 1650-ஐ ஒட்டியா என்று இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. எது சரியென்றாலும் ராண்ட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால்.

பிரான்சில் வேட்டைக் காட்சிகள் வரைந்த தெபோர்த் (1661–1743) வண்ணம் வைத்த தட்டையும் தூரிகைகளையும் தகரப் பெட்டியில் போட்டு வயலுக்கு எடுத்துப் போனார். கெட்டிக் காகிதத்தின்மேல் எண்ணெய் வண்ணம். அவர் இறந்த பிறகு அந்த ஸ்கெட்ச்கள் செவ்ர் பீங்கான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன, அங்கே மாதிரிப் படங்களாகக் கிடந்தன.

இதை ஒரு பாடமுறையாகவே ஆக்கியவர் வலான்சியென். 1780-களின் தொடக்கத்தில் ரோமில் வரைந்த காகித ஸ்கெட்ச்கள் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நூற்றுக்குமேல் இருக்கின்றன. ஒரே கூரையை வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை என்று தனித்தனித் தாளில் வரைந்திருக்கிறார். மொனேயின் வைக்கோற்போர் வரிசை 1890–91 என்பதை நினைவில் வையுங்கள். வலான்சியென் 1800-இல் வெளியிட்ட பாடநூலில் கணக்கே கொடுத்துவிட்டார்: வெளியில் ஒரு ஸ்கெட்சுக்கு உச்சவரம்பு 2 மணி நேரம்; சூரிய உதயம், அஸ்தமனம் என்றால் அரை மணி. முதலில் வானம், ஏனென்றால் மற்றத் தொனிகளை (நிறங்களின் வெளிச்ச–இருட்டு அளவை) அதுதான் முடிவு செய்கிறது. பிறகு தொலைவு, கடைசியில் முன்புறம்.

ஜோன்ஸின் சுவர் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சுமார் 11 × 16 செ.மீ. தபால் அட்டை அளவு. அந்த அளவில்தான் விஷயமே இருக்கிறது.

#3 தாங்கிதூக்கி

பட்டியல் சரி. ஆனால் ஆளிவிதை கடைசி வரியில் சொன்னதையே எடுத்துக்கொண்டால் டியூப் கட்சிக்குத்தான் அது வலு சேர்க்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

வண்ணப் பூச்சு சராசரி 0.2 மி.மீ. கனம் என்று வையுங்கள். 20 × 30 செ.மீ. காகித ஸ்கெட்ச் என்றால் 600 சதுர செ.மீ., அதற்கு 12 மில்லி வண்ணம் போதும். இன்றைய 37 மில்லி டியூபில் மூன்றில் ஒரு பங்கு. மொனே 1866-இல் தோட்டத்தில் நிறுத்தி ஆரம்பித்த 'தோட்டத்தில் பெண்கள்' 255 × 205 செ.மீ. அதே கனத்துக்கு ஒரு லிட்டருக்குமேல், அதாவது 28 டியூப். அந்தக் கித்தானின் மேல்பகுதி கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பி போட்டு, கீழே இறக்கி இறக்கி வரைந்தார். ஒரு லிட்டர் வண்ணத்தைப் பன்றி மூத்திரப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? முடியாது. அளவை மாற்றியது டியூப்தான்.

#4 கரிக்கோல்

பன்றி மூத்திரப்பை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே. அது எப்படி வேலை செய்தது? எதனால் அது போதவில்லை?

#5 ஆளிவிதை

கடையில் வண்ணம் வாங்குகிறவர்களுக்கு 18-ஆம் நூற்றாண்டிலிருந்து 1840-கள் வரை அதுதான் புட்டி, அதுதான் டப்பா. சுத்தம் செய்த மூத்திரப்பையைத் துண்டாக வெட்டி, ஈரமாக இருக்கும்போதே நடுவில் அரைத்த வண்ணத்தை வைத்து, விளிம்புகளைக் கூட்டி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். காய்ந்ததும் தோல் விறைத்துக்கொள்ளும். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை. வெள்ளை மட்டும் அதிகம் செலவாகும் என்பதால் பெரிய பையில் வரும். வேண்டும்போது சிறு ஆணியால் ஒரு குத்து, தட்டில் பிதுக்கு, அதே ஆணியை ஓட்டையில் செருகி அடை. அவ்வளவுதான்.

சிக்கல் ஆணிக்குப் பிறகு ஆரம்பிக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது. பிதுக்கிவிட்டு விட்டதும் பை கொஞ்சம் பழைய உருவுக்குத் திரும்பும், அந்த இடத்தைக் காற்று நிரப்பும். உள்ளே இருப்பது தோல் கட்டத் தொடங்கும். அம்பர் மாதிரி மாங்கனீசு உள்ள மண் வண்ணங்கள் சீக்கிரம் போய்விடும். ஈய வெள்ளையும் வேகமாகக் காயும் சாதி. இது போக, பெட்டிக்குள் அழுத்தம் பட்டால் கட்டு விட்டுப்போகும், ஓட்டை கிழியும். மற்றப் பைகளும் சேர்ந்து நாசம்.

இதற்கு மாற்றுத் தேடியவர் ராண்ட் ஒருவர் மட்டும் அல்ல. 1822-இல் ஜேம்ஸ் ஹாரிஸ் பித்தளைப் பீச்சுக்குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி கண்ணாடிப் பீச்சுக்குழாய் விற்றது. இரண்டும் வேலை செய்தன, ஆனால் கனம், விலை, கழுவுகிற வேலை. லண்டனில் இருந்த அமெரிக்க உருவப்பட ஓவியர் ராண்டின் யோசனை எளிது: மெல்லிய வெள்ளீயக் குழாய். அழுத்தினால் நசுங்கும், நசுங்கியது நசுங்கியபடியே கிடக்கும், திரும்பி விரியாது. ஆகவே காற்று உள்ளே வர இடமில்லை. டியூபின் மொத்த சாமர்த்தியமும் இந்த ஒன்றில்தான். எடுத்துச் செல்வது அடுத்த பயன்தான், முதல் பயன் கெடாமல் இருப்பது.

தாங்கிதூக்கி போட்ட கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டியூபுக்கு முன் பெரிய கித்தான் வெளியே போகவே இல்லை என்றால் அது சரியில்லை. டர்னர் 1805 வாக்கில் தேம்ஸ் நதியில் படகிலிருந்தே எண்ணெய் ஸ்கெட்ச் போட்டார். சிறியவை மஹோகனிப் பலகையில்; பெரியவை ஒரு மீட்டரைத் தாண்டும் கித்தானில். கான்ஸ்டபிளின் 'ஃப்ளாட்ஃபோர்டு ஆலையருகே படகு கட்டுதல்' முழுக்க முழுக்க வெளியிலேயே வரைந்தது என்று அவர் வாழ்க்கை வரலாறு எழுதிய லெஸ்லி சொல்கிறார். 1815-இல் அதை ராயல் அகாடமியில் காட்சிக்கும் வைத்தார். 51 × 62 செ.மீ. ஸ்கெட்ச் அல்ல, முடித்த படம்.

#6 மேகநாதன்

கான்ஸ்டபிள் பெயர் வந்துவிட்டதால் வானத்தைப் பற்றி.

1821, 1822 இரண்டு கோடைகளிலும் அவர் லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை வரைந்தார். 1822 அக்டோபரில் நண்பர் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய 50 வான ஆய்வுகள் முடித்ததாகச் சொல்கிறார். பலவற்றின் பின்பக்கம் தேதி, மணி, பார்த்த திசை, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் என்று எழுதியிருக்கிறது. லூக் ஹோவர்டு மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்தது 1803 வாக்கில். அந்தப் பகுப்பைப் பேசும் ஃபார்ஸ்டரின் வானிலை நூலைக் கான்ஸ்டபிள் வாங்கி ஓரத்தில் குறிப்பு எழுதிப் படித்திருக்கிறார். ஆகவே மனம் போனபடி வரைந்த மேகங்கள் இல்லை இவை.

கவனிக்க வேண்டியது இவற்றின் வேகம். திரள் மேகம் ஒன்று பத்து நிமிடத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடும். அதனால் அவர் முழு வானத்தையும் ஒரே ஈரத்தில் முடிப்பார், காய்ந்த பூச்சின்மேல் இரண்டாவது பூச்சு என்ற பேச்சே கிடையாது. அதற்கு ஒரு வசதி தேவைப்பட்டது: காகிதத்துக்கு முன்கூட்டியே கொடுத்த வண்ணத் தளம். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, சில சமயம் நீலம். நீல வானத்துக்கு அடியில் அந்தச் செம்பழுப்பை ஆங்காங்கே மூடாமல் விட்டுவிடுவார், மேகத்தின் அடிப்பக்கச் சூடு அதிலிருந்தே வந்துவிடும். நடுத்தொனி ஏற்கெனவே தாளில் இருப்பதால் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் வைத்தால் போதும், வேலை பாதி.

தாளைப் பெட்டி மூடியின் உட்புறம் ஊசியால் குத்தி, பெட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு வரைவது அவர் வழக்கம். சிறிய ஸ்கெட்ச்கள் ஒரே மாதிரி அளவில் வருவதற்குக் காரணம் அதுதான். மூடி என்ன அளவோ அதுதான் படம்.

#7 புதுத்தூரிகை

காகிதத்தில் எண்ணெய் வண்ணம் பூசினால் எண்ணெய் ஊறிப் பின்பக்கம் மஞ்சள் வட்டம் விழுமே? அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இன்று அதே மாதிரி செய்து பார்க்க வேண்டுமென்றால் என்ன அளவு? அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

#8 ஆளிவிதை

தம்பி, மஞ்சள் வட்டம் அழகுக் குறை மட்டும் இல்லை. எண்ணெய் இறுகும்போது அமிலங்கள் உண்டாகும், அவை நேராக நாரில் பட்டால் காகிதம் பழுத்து, பத்திருபது வருஷத்தில் அப்பளமாக நொறுங்கும். இன்னொரு பக்கம், எண்ணெயைத் தாள் குடித்துவிட்டால் நிறமியைப் பிடிக்க ஆள் இல்லாமல் பூச்சு மங்கி, விரலால் தேய்த்தாலே பொடியாக வரும். ஆகவே நடுவில் ஒரு தடுப்பு வேண்டும்.

பழைய முறை: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம். வஜ்ரப் பசை 70 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து மெல்லக் கரையுங்கள். கொதிக்கவே கூடாது, 60 டிகிரிக்குமேல் போனால் பசையின் பிடிப்பு போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது இரண்டு பக்கமும் மெல்லியதாக ஒரு கை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் சுருண்டுகொள்ளும், பிறகு எந்தக் குண்டூசியாலும் தட்டையாக்க முடியாது. காய்ந்ததும் முன்பக்கம் இன்னொரு கை. அதன்மேல் வெள்ளையில் கொஞ்சம் அம்பரும் செங்காவியும் கலந்து, டர்பன்டைன் விட்டுத் தளர்த்தி, ஒரே ஒரு மெல்லிய எண்ணெய்த் தளம். அவர்கள் போட்டது ஈய வெள்ளை. நீங்கள் டைட்டானியம் வெள்ளை போடுங்கள், ஈயம் நஞ்சு. ஒரு வாரமாவது காயவிட்டுத்தான் வரைய வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் வஜ்ரப் பசைக்குப் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் நிச்சயம். அதனால் வரலாற்றுப் பயிற்சி நோக்கம் இல்லையென்றால் அக்ரிலிக் மீடியம் இரண்டு கை, அதன்மேல் சாயம் கலந்த அக்ரிலிக் ஜெஸ்ஸோ (அடித்தளப் பூச்சு) ஒரு கை. ஒரு நாளில் தயார், பூஞ்சைத் தொல்லையும் குறைவு. எண்ணெயின்மேல் அக்ரிலிக் மட்டும் எந்தக் காரணத்துக்கும் பூசாதீர்கள், உரிந்து வரும்.

அருங்காட்சியகச் சீட்டுகளில் 'கித்தானில் ஒட்டிய காகிதத்தில் எண்ணெய் வண்ணம்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த ஒட்டும் வேலை பெரும்பாலும் பிற்காலத்தில் செய்தது. கித்தானாக இருந்தால்தான் சட்டம் போடலாம், விற்கலாம். ஒட்டும்போது அழுத்தியதில் தூரிகைத் தடங்கள் நசுங்கிப்போன படங்களும் உண்டு.

#9 வைகைக்கரை

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு ஒட்டு உண்டு. வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் (1772–75) கப்பல் ஓவியராகப் போனவர். நன்னம்பிக்கை முனையைக் கப்பலில் இருந்தபடியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார், அகலம் ஒண்ணேகால் மீட்டர். தஹிதியிலும் எண்ணெய் வண்ணம்தான். கப்பலில் கித்தான் தட்டுப்பாடு போலிருக்கிறது: நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாக் காட்சி ஒன்றை எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் அண்டார்டிக் பனிப்பாறைகள் தெரிந்தன. பனிப்பாறைமேலேயே காட்டை வரைந்துவிட்டார் மனுஷன்.

அவர் 1780-இல் மதராஸில் வந்து இறங்கினார். ஹைதர் அலி படையெடுப்பு நடந்த சமயம், நகரைவிட்டுத் தூரம் போக முடியாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் இங்கேயே கிடந்தார். பிறகு 1792-இல் வந்த ஓவியர்கள் டேனியல் ஜோடி (தாமஸும் அவர் அண்ணன் மகன் வில்லியமும்) மாமல்லபுரம், குற்றாலம், பாபநாசம் என்று சுற்றியது. ஆனால் அவர்கள் வழி வேறு: இடத்தில் பென்சில், நீர்வண்ணம், கூடவே காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டிக் கேமரா, எண்ணெய்ப் படமும் அச்சுப் படமும் லண்டன் திரும்பிய பிறகு. பாபநாசம் அருவி அச்சாக வந்தது 1804-இல்.

#10 தாங்கிதூக்கி

ஹாட்ஜஸ் நல்ல உதாரணம். ஆனால் அவர் கப்பலில் போனவர், அறையும் அலமாரியும் கூடவே வந்தன. காலால் நடப்பவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

இன்னொரு விஷயம், நிறங்கள். 1800-க்கு முன் நல்ல நிலையான பச்சை கிடையாது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் இலை. அந்த மஞ்சள் பல சமயம் தாவரச் சாயம், வெயிலில் வெளுத்துவிடும். டச்சுப் படங்களில் இலைகள் நீலமாக நிற்பது அதனால்தான். பிறகு வரிசையாக வந்தன: கோபால்ட் நீலம் 1802, எமரால்டு பச்சை 1814, குரோம் மஞ்சள் அதையொட்டி, செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1828-இல், கிமே என்பவர் செய்தது. விரிடியன் பச்சைக்குக் கிஞே என்பவர் காப்புரிமை எடுத்தது 1859. இவற்றையெல்லாம் ஆலைக்காரன் அரைத்து, டியூபில் அடைத்து, பத்துப் பன்னிரண்டு நிறமாக ஒரே பெட்டியில் கொடுத்தான். வயலில் நின்றுகொண்டு கலக்காமலே நேரடி நிறத்தை வைக்கும் பழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

#11 ஆளிவிதை

நிறமி விஷயம் முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டியது. ஆனால் அது ரசாயனத்தின் கணக்கு, டியூபின் கணக்கில் எழுதாதீர்கள். அதே வரிசையில் யாரும் பேசாத ஒன்றையும் சேர்க்க வேண்டும்: தூரிகை. பழைய தூரிகை இறகுத் தண்டில் செருகியது அல்லது நூலால் கட்டியது, வட்டமாகத்தான் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் உலோகப் பூண் வந்த பிறகுதான் பன்றிமயிரை நசுக்கித் தட்டையாகப் பிடிக்க முடிந்தது. மொனே, பிஸாரோ படங்களில் செங்கல் செங்கலாக நிற்கும் அந்தச் சதுரத் தீற்றல் தட்டைத் தூரிகையின் வாயிலிருந்து வந்தது. டியூப் வண்ணத்தில் எண்ணெய் பிரியாமல் இருக்க மெழுகு போன்றவற்றைச் சேர்ப்பார்கள், வெண்ணெய்ப் பதம் வரும். அந்தப் பதமும் இந்தத் தூரிகையும் சேர்ந்தால்தான் தீற்றல் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

#12 செங்காவி

எல்லாரும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறீர்கள். கரிக்கோல் கேட்ட கேள்விக்குப் பதில் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பது என் கட்சி.

பிரெஞ்சு ஓவியர் கொரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1826-இல் இத்தாலியில் நார்னி பாலத்தை நேரில் வரைந்தார். காகிதம், 34 × 48 செ.மீ., இன்று லூவ்ரில். உடைந்த பாலம், கலங்கிய ஆறு, முன்புறத்தில் வெறும் மண், இவ்வளவுதான். அதை வைத்து 1827 சலோனுக்கு (பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி) ஒரு பெரிய படம் செய்தார், அது இப்போது ஒட்டாவாவில். அதில் ஆடுகள், மேய்ப்பர்கள், குடை மாதிரி விரிந்த பைன் மரங்கள், ஒழுங்கான பாதை எல்லாம் வந்துவிட்டன. ஒரே கை, ஒரே இடம். ஆனால் முதலாவது 'ஆய்வு', இரண்டாவதுதான் 'படம்'. முதலாவதைச் சலோனுக்கு அனுப்புவது என்பது அன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். வலான்சியெனின் தாள்களும் அப்படித்தான் கிடந்தன; மாணவர்களுக்குக் காட்ட, நகலெடுக்க. லூவ்ர் வழியாக உலகம் அவற்றைப் பார்த்தது 1930-க்குப் பிறகு. ஜோன்ஸின் ஸ்கெட்ச்கள் ஏலத்துக்கு வந்தது 1954. அதாவது டியூபுக்கு முந்திய வெளிப்புற ஓவியம் இல்லாமல் போகவில்லை, அலமாரியில் இருந்தது. வரலாறு எழுதியவர்கள் கண்ணில் படவில்லை, அதனால் டியூப் கதை வசதியாக நுழைந்துவிட்டது.

அரசுப் பரிசும் இதே மாதிரிதான். பிரெஞ்சு அகாடமி 'வரலாற்று நிலக்காட்சி'க்கு ரோம் பரிசு (வென்றவரை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைப்பது) ஏற்படுத்தி, முதல்முறை 1817-இல் மிஷலோனுக்குக் கொடுத்தது. போட்டியில் ஒரு சுற்று, நினைவிலிருந்து ஒரு மரம் வரைய வேண்டும். நினைவிலிருந்து! அந்த மரம் கையில் வருவதற்காகத்தான் மாணவர்கள் காட்டில் போய் ஸ்கெட்ச் போட்டார்கள். வெளியே போவது பயிற்சி, பரிசு உள்ளே. அந்தப் பரிசை 1863-இல் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் 1849-இல் கொரோ தன் பழைய ரோம் ஆய்வுகளில் ஒன்றை, ஃபர்னேசே தோட்டத்திலிருந்து பார்த்த கொலோசியத்தை, சலோனில் தொங்கவிட்டார். 1874-இல் பாரிஸில் கபுசின் சாலையில் நடந்த கண்காட்சியில் மொனே துறைமுகக் காலையொன்றை 'இம்ப்ரெஷன்' என்ற பெயரிலேயே வைத்தார். அது வெறும் 48 × 63 செ.மீ. கொரோ காலத்துக் கணக்கில் சொன்னால் ஓர் ஆய்வு. மாறியது இந்த மதிப்பீடுதான். வண்ணம் எதில் இருந்தது என்பதில்லை.

#13 தாங்கிதூக்கி

மதிப்பீடு தானாக மாறாது செங்காவி. யாரோ வாங்க வேண்டும். ரயில் வந்தது: ஃபொந்தேன்புளோ பக்கம் 1849, அர்ஜந்தேய் 1851. ஃபொந்தேன்புளோ காட்டோரக் கிராமமான பார்பிசோனில் கான் விடுதியில் தங்கி வரைந்தவர்களின் காடு பாரிஸ்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணமாகிவிட்டது. தான் பார்த்த இடத்தைச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவன் சிறிய படம் கேட்பான். கிரேக்கத் தெய்வம் கேட்கமாட்டான். வியாபாரியும் சிறிய படம்தான் கேட்டான். கித்தான்கள் எண் போட்டு ஆயத்தமாகவே விற்றன: 30-ஆம் எண் 'நிலக்காட்சி' என்றால் 92 × 65 செ.மீ., அதே எண் 'கடற்காட்சி' 92 × 60. கடையில் வாங்கி, கட்கத்தில் இடுக்கி, ரயிலேறு.

#14 செங்காவி

அதைத்தான் நானும் சொல்கிறேன், நீங்கள் ரயில் வழியாக வந்து சேர்ந்தீர்கள். ஓவியர் டோபிஞி 1857-இல் ஒரு படகையே ஸ்டூடியோ ஆக்கி ஊவாஸ் ஆற்றில் விட்டாரே, அவருக்கு எடுத்துச் செல்லும் பிரச்சினையே இல்லை. அப்போதும் அவர் படம் 'முடியவில்லை' என்றுதான் விமர்சகர்கள் சொன்னார்கள்.

#15 மேகநாதன்

ஒரு படம் உண்மையிலேயே வெளியில் வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துவிட்டால் இழை முழுமையாகும். ஓவியர் வாய்ச்சொல்லை நம்ப முடியாது, முக்கியமாக மொனே சொல்வதை.

காகிதத்தில் நான்கு மூலையிலும் ஊசி ஓட்டை இருக்கிறதா? ஒரே மூலையில் இரண்டு மூன்று ஓட்டை என்றால் திரும்பத் திரும்பக் குத்தியது, இரண்டாம் அமர்வு நடந்திருக்கலாம். வண்ணத்துக்குள் என்ன சிக்கியிருக்கிறது? மொனே 1870-இல் வரைந்த த்ரூவில் கடற்கரைப் படத்தில் மணல் துகள்கள் இருக்கின்றன. கான்சாஸ் சிட்டியில் உள்ள வான்கோவின் ஒலிவ மரப் படத்தில் 2017-இல் ஒரு வெட்டுக்கிளியின் உடலைக் கண்டார்கள். அது இறந்தபின் விழுந்ததா, துடித்ததா என்பதுவரை ஆராய்ந்தார்கள்; துடித்த தடம் இல்லை.

அடுத்தது அடுக்கு. ஈரத்தின்மேல் ஈரம் இழைந்து கலந்திருந்தால் ஒரே அமர்வு. காய்ந்த தீற்றலின் மேடு பள்ளத்தில் அடுத்த தீற்றல் இடறிப் போயிருந்தால் நடுவில் பல நாள் கடந்திருக்கிறது. மொனேயின் ரூவான் தேவாலய வரிசையில் இந்த இடறல் ஏராளம். 1892, 93-இல் எதிர்க்கட்டிட அறைகளின் ஜன்னலிலிருந்து தொடங்கியவை, ஜிவெர்னி ஸ்டூடியோவில் முடித்து 1894 என்று தேதி போட்டவை. லண்டன் தேம்ஸ் படங்கள் இன்னும் மோசம்: 1899–1901-இல் தொடங்கியவற்றை 1904 வரை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். தாங்கிதூக்கி சொன்ன பள்ளம் வெட்டிய படமும் கடைசியில் கூரைக்கு அடியில்தான் முடிந்தது, 1867 சலோன் அதை நிராகரித்தும் விட்டது. வெளியில் வரைந்தே முடித்த விகிதம் பார்த்தால் டியூபுக்கு முந்திய ரோம் கூட்டம் மொனேயைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்வேன்.

#16 புதுத்தூரிகை

வலான்சியென் கணக்கை இங்கே கடைப்பிடிக்க முடியுமா? 2 மணி நேரம், அரை மணி நேரம் என்பது ரோமுக்குச் சொன்னதுதானே? இன்னொன்று, வெயிலில் பளிச்சென்று இருக்கும் ஸ்கெட்ச் வீட்டுக்கு வந்ததும் இருண்டுபோய்த் தெரிகிறது. ஏன்?

#17 ஆளிவிதை

இரண்டாவதை முதலில். கித்தானில் நேரடி வெயில் விழுந்தால் நீங்கள் கலக்கும் எல்லா நிறமும் வெளிச்சமாகத் தெரியும். கண் கூசுவதால் அறியாமலே ஒரு படி இருட்டாகக் கலப்பீர்கள். வீட்டு வெளிச்சத்தில் அந்தப் படி அம்பலமாகிவிடும். தட்டும் தாளும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருப்பது அதைவிடக் கெடுதி. குடை என்றால் வெள்ளை அல்லது சாம்பல். சிவப்புக் குடைக்குக் கீழே எல்லாமே சிவந்து தெரியும், அதை ஈடுகட்டப் பச்சையை அள்ளிப் போடுவீர்கள். சட்டையும் அப்படித்தான், மஞ்சள் சட்டை தாளில் எதிரொளிக்கும்.

#18 மேகநாதன்

நேரக் கணக்கு: சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும் என்பது எங்கேயும் ஒன்றுதான். 2 மணி நேரத்தில் 30 டிகிரி, அதற்குமேல் நிழல் பொய்யாகிவிடும். ஆனால் நம் பக்கம் நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே வருவதால் நிழலின் திசை சட்டென்று புரளும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் கம்பத்துக்கு நிழலே கிட்டத்தட்ட இருக்காது. 11 மணிக்கு மேற்கே இருந்த நிழல் 1 மணிக்குக் கிழக்கே. ஆகவே காலை 7 முதல் 9, மாலை 4-லிருந்து 6-க்குள்.

அந்தி இன்னும் இறுக்கம். சூரியன் இங்கே செங்குத்தாக இறங்குகிறது. மறைந்தபின் வேலைக்கு ஆகும் வெளிச்சம் சென்னையில் சுமார் 22 நிமிடம். லண்டனில் ஜூன் மாதம் அதைப்போல் இரண்டு மடங்கு. எனவே சூரியன் மறைவதற்கு முன்பே தரையின் கரு நிறங்களை வைத்து முடித்துவிடுங்கள். வானத்துக்கு மூன்று நான்கு கலவைகளை, வெளிச்சம் இருக்கும்போதே, தட்டில் தனித்தனிக் குவியலாகத் தயார் செய்துகொள்ளுங்கள். மறைந்ததும் வைப்பது மட்டும்தான் வேலை. இருட்டத் தொடங்கியபின் கலந்த நிறத்தை நம்பாதீர்கள். அந்த மங்கலில் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துத் தெரியும், நீலம் தூக்கலாகத் தெரியும்.

#19 ஆளிவிதை

ஈரப்படத்தை வீட்டுக்குக் கொண்டுவர: இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் ஒரு செ.மீ. கனத்தில் தக்கைத் துண்டு கொடுத்து, வெளியே இரண்டு ரப்பர் பட்டை. தக்கை வைக்கும் மூலையில் மட்டும் வண்ணம் பூசாமல் விடுங்கள்.